கிட்டார் பெடலை பேஸ் கிட்டாரில் மாட்டலாமா? கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் பாட்டு கேட்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், போட்டோக்களைச் சேர்த்து வைக்கிறார்கள். வீட்டில் யாராவது பேஸ் கிட்டார் வாசிப்பவர் இருந்தால், அதே கம்ப்யூட்டரை ஒரு சோதனைச் சாலையாக மாற்றிவிடலாம். கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், எந்த எபெக்ட் உங்களுக்குத் தேவை, எது தேவையில்லை என்று காதால் கேட்டே முடிவு செய்யலாம். இதற்கான சாப்ட்வேர் இலவசம்.

கிட்டார் வாசிப்பவர்களின் காலடியில் வண்ண வண்ணமாகச் சிறு பெட்டிகள் இருப்பதை மேடைகளில் பார்த்திருப்பீர்கள். அவைதான் எபெக்ட் பெடல்கள். காலால் மிதித்தால் ஆன் ஆகும், மீண்டும் மிதித்தால் ஆப் ஆகும். ஓசையைக் கரகரப்பாக்குவது டிஸ்டார்ஷன் மற்றும் ஓவர்டிரைவ். அதைவிட முரட்டுத்தனமாகச் செய்வது ஃபஸ். ஒரே கிட்டாரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பது போல் காட்டுவது கோரஸ். எதிரொலி தருவது டிலே.

இவற்றில் பெரும்பாலானவை ஆறு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாருக்காகச் செய்யப்பட்டவை. இவற்றை நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் மாட்டினால் பெடல் கெட்டுப் போகுமா என்று பலர் கேட்கிறார்கள். கெட்டுப் போகாது, தாராளமாக மாட்டலாம். (பேஸ் கிட்டாரை ஒரு கிட்டார் ஆம்பில் மாட்டி சத்தத்தை முழுக்கத் திருகுவது வேறு விஷயம். அந்த ஸ்பீக்கர் கிழிய வாய்ப்பு உண்டு.) பெடல் பிழைக்கும், ஆனால் ஓசை பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

41க்கும் 82க்கும் உள்ள தூரம்

சாதாரண கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு சுமார் 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதில் சரிபாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். மற்ற மூன்று கம்பிகள் 55, 73, 98 ஹெர்ட்ஸ். அதாவது, பேஸ் கிட்டாரின் முதல் மூன்று கம்பிகளின் அடிப்படைச் சுருதி, கிட்டாரில் இல்லவே இல்லாத பகுதியில் இருக்கிறது.

கிட்டார் பெடலை வடிவமைத்தவருக்கு அந்தப் பகுதியைப் பற்றிக் கவலை இல்லை. சொல்லப் போனால், அதை வேண்டுமென்றே குறைப்பார். டிஸ்டார்ஷன் சர்க்யூட்டில் தாழ்ந்த ஓசை அதிகமாக நுழைந்தால் எல்லாம் கலந்து குழம்பிவிடும். உலகப் புகழ் பெற்ற ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் பெடலையே எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பெருக்கும் பகுதியில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோபாரட் கெபாசிட்டரும் இருக்கின்றன. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 720 ஹெர்ட்ஸ் வரும். இதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்து கொண்டே வரும். கிட்டாரில் இது அழகு, ஓசை தெளிவாக முன்னுக்கு வரும். 41 ஹெர்ட்ஸில் வாசிப்பவருக்கோ மேலே உள்ளது மட்டும் உயர்ந்து கீழே உள்ளது பின்தங்கிவிடும். கேட்பவர் காதுக்கு பேஸ் காணாமல் போனது போலத்தான் இருக்கும்.

என் அறை நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். பகலில் வேறு வேலை, முகூர்த்த நாட்களில் மாலையில் கல்யாண வரவேற்புக் கச்சேரி. இப்போதெல்லாம் பல குழுக்களில் பேஸ் கிட்டாருக்கே தனி ஆள் கிடையாது. கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் பேஸைச் சமாளித்துவிடுகிறார், ஒரு சம்பளம் மிச்சம். அதனால் எங்கள் நண்பருக்கு எப்போதும் உள்ளூர ஒரு பயம். ஒரு குத்துப் பாட்டுக்காகத் தன் அண்ணனின் கிட்டார் ஓவர்டிரைவ் பெடலை வாங்கிக் கொண்டு போய் மாட்டினார். ஒத்திகை முடிந்ததும் குழுத் தலைவர் கூப்பிட்டு, "தம்பி, நீ அந்தப் பெட்டிய மிதிச்சதும் தரையே காணாமப் போகுது. அடுத்த வாரமும் இப்படித்தான்னா கீபோர்டுலயே வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கடன் வாங்கியாவது பேஸுக்கென்றே உள்ள பெடல் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று அறைக்கு வந்தவரைத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அன்று இரவு நாங்கள் செய்ததைத்தான் கீழே தருகிறேன்.

முதலில் இணைப்பு

பேஸ் கிட்டாரின் வயர் நேரடியாக கம்ப்யூட்டரில் நுழையாது. அந்த வயரின் முனை கால் இஞ்ச் ஜாக், கம்ப்யூட்டரில் இருப்பது 3.5 மி.மீ. துளை. ரிச்சி தெருவில் கேட்டால் இரண்டையும் இணைக்கும் கான்வெர்ட்டர் பின் மலிவாகவே கிடைக்கும். மைக் துளையில் அப்படி மாட்டினால் ஓசை வரும், ஆனால் மங்கலாக வரும். காரணம், பேஸ் கிட்டாரின் பிக்கப் மிக மெல்லிய மின் சிக்னலைத் தருகிறது. அதைப் பெறும் கருவியின் தடை சுமார் 10 லட்சம் ஓம் இருந்தால்தான் சிக்னல் சேதம் இல்லாமல் போய்ச் சேரும். மைக் துளையின் தடை சில ஆயிரம் ஓம்தான். மேல் ஸ்தாயி எல்லாம் அங்கேயே செத்துவிடும்.

சரியான வழி, யு.எஸ்.பி. ஆடியோ இண்டர்பேஸ் என்ற சிறு பெட்டி. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதில் "இன்ஸ்ட்" அல்லது "ஹை-இசட்" என்று குறித்த துளையில் கிட்டார் வயரை மாட்டவும். அந்தப் பெயரில் பட்டன் இருந்தால் அதை அழுத்தவும்.

இண்டர்பேஸ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. உங்கள் டெஸ்க்டாப்பின் பின்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் லைன்-இன் துளை இருக்கும். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்களில் பெரும்பாலானவை ஆப் செய்த நிலையிலும் சிக்னலை ஒரு பஃபர் சர்க்யூட் வழியாகவே அனுப்புகின்றன. நுழையும் இடத்தில் 10 லட்சம் ஓம், வெளியேறும் இடத்தில் ஆயிரம் ஓம். எனவே பேஸ் கிட்டாரை அந்தப் பெடலில் மாட்டி, பெடலை ஆப் செய்து, அதிலிருந்து லைன்-இன் துளைக்கு வயர் கொடுத்தால் போதும். எபெக்ட் இல்லாமலே பெடல் ஒரு பாலமாக வேலை செய்யும். (பேட்டரி மட்டும் உள்ளே இருக்க வேண்டும்.)

விண்டோஸில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். சவுண்ட் செட்டிங்கில் மைக்குக்கான "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" ஆன் ஆகி இருந்தால் ஆப் செய்திடவும். அது பேசும் குரலுக்காக வைத்தது. நீண்டு ஒலிக்கும் பேஸ் ஓசையை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும்.

கம்ப்யூட்டரோடு வந்த சிறிய ஸ்பீக்கரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். 41 ஹெர்ட்ஸை அதனால் தர முடியாது. நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக் கொள்ளுங்கள், சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

ஆடாசிட்டியில் சோதனை

ஆடாசிட்டி என்பது ஓசையைப் பதிவு செய்து வெட்டி ஒட்டும் இலவச சாப்ட்வேர். 2000ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் சொந்த இணைய தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். பதிப்பைப் பொறுத்து மெனுக்களின் இடம் சற்று மாறியிருக்கலாம்.

ரெக்கார்டிங் கருவியாக உங்கள் இண்டர்பேஸைத் தேர்ந்தெடுத்து, மோனோ என்று அமைக்கவும். எந்தப் பெடலும் எபெக்டும் இல்லாமல் அரை நிமிடம் வாசிக்கவும். தடித்த கம்பி, மெல்லிய கம்பி இரண்டும் அதில் வரட்டும். மீட்டரில் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் இருந்தால் போதும், சிவப்பைத் தொடக் கூடாது.

பதிவானதை முழுதாகத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + டி அழுத்தவும். அதே ஓசை அடுத்த டிராக்கில் நகலாகும். இப்படி மூன்று நகல் எடுத்தால் மொத்தம் நான்கு டிராக்குகள். முதல் டிராக்கைத் தொடவே வேண்டாம், அது ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவது டிராக்கை கிட்டார் பெடலாக மாற்றுவோம். அதைத் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் "ஹை-பாஸ் பில்டர்" கிளிக் செய்திடவும். அலைவரிசை 720, ரோல்-ஆப் 6 டெசிபல் எனக் கொடுத்து அப்ளை செய்திடவும். பின்னர் "டிஸ்டார்ஷன்" எபெக்டில் "சாப்ட் ஓவர்டிரைவ்" என்ற வகையைத் தேர்ந்தெடுத்து அளவை நடுவில் வைக்கவும். இது டியூப் ஸ்கிரீமரின் துல்லியமான நகல் அல்ல. அசல் பெடலில் தாழ்ந்த ஓசை கொஞ்சம் மிஞ்சும். என்ன நடக்கிறது என்று புரிந்து கொள்ள இது போதும். இந்த டிராக்கில் "சோலோ" பட்டனை அழுத்திக் கேளுங்கள். எங்கள் நண்பர் ஐந்து நொடியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இதேதாங்க, அன்னிக்கு மேடையில இதேதான்" என்றார்.

இப்போது மூன்றாவது, நான்காவது டிராக்குகள். இவைதான் தீர்வு. ஒரே ஓசையை இரண்டாகப் பிரித்து, கீழ்ப் பாதியைச் சுத்தமாக விட்டுவிட்டு, மேல் பாதியை மட்டும் கரகரப்பாக்கப் போகிறோம்.

மூன்றாவது டிராக்கில் "லோ-பாஸ் பில்டர்" கொடுக்கவும். அலைவரிசை 250, ரோல்-ஆப் 24 டெசிபல். நான்காவது டிராக்கில் "ஹை-பாஸ் பில்டர்", அதே 250, அதே 24. பின்னர் நான்காவதில் மட்டும் டிஸ்டார்ஷன். இங்கே தாராளமாக அதிகம் வைக்கலாம், "ஹார்டு கிளிப்பிங்" வகையையும் முயன்று பார்க்கலாம். கடைசியாக அதே டிராக்கில் 5000 ஹெர்ட்ஸில் ஒரு லோ-பாஸ் பில்டர் போட்டால் கொசு ரீங்காரம் போன்ற சத்தம் அடங்கும். மேடையில் உள்ள பெரிய பேஸ் ஸ்பீக்கரும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஏன் 24 என்று கேட்கலாம். 12 டெசிபல் வைத்தால், 250 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு டிராக்கின் அலைகளும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். சரியாக அந்த இடத்தில் ஓசையில் ஒரு குழி விழும். 24 வைத்தால் இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்கின்றன. சேரும் இடத்தில் ஓசை சற்றே தூக்கலாக இருக்கும், அதனால் கெடுதல் இல்லை.

முதல் இரண்டு டிராக்குகளையும் "மியூட்" செய்து, மூன்றையும் நான்கையும் சேர்த்து ஓட விடுங்கள். நான்காவதின் வால்யூம் ஸ்லைடரைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். தரை அப்படியே இருக்கும், அதன் மேல் கரகரப்பு வந்து உட்காரும். ஆபீஸில் ஒரு பெரிய வேலையை இரண்டு த்ரெட்டாகப் பிரித்து ஓட விடும் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

ஒன்றை மறக்காதீர்கள். சத்தம் அதிகமாக இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும். ஒப்பிடும் முன் ஸ்லைடர்களை நகர்த்தி எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

இது புதிய யோசனை அல்ல. பீட்டில்ஸ் குழுவின் 1965ஆம் ஆண்டு ஆல்பமான "ரப்பர் சோல்"-இல் "திங்க் ஃபார் யுவர்செல்ஃப்" என்ற பாட்டில் பால் மெக்கார்ட்னி ஃபஸ் போட்டு பேஸ் வாசித்தார். ஆனால் சாதாரண பேஸும் அதே பாட்டில் தனியாக இருக்கிறது. அடியில் ஒன்று, மேலே ஒன்று.

இந்தக் கரகரப்பால் இன்னொரு லாபமும் உண்டு. டிஸ்டார்ஷன் என்பது புதிய மேல் ஓசைகளைச் சேர்க்கும் வேலை. 41 ஹெர்ட்ஸ் ஓசையோடு 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் வலுவாக ஒலித்தால், 41 கேட்காத சிறு ஸ்பீக்கரிலும் நம் மூளை அதை இட்டு நிரப்பிக் கொள்ளும். பேஸ் வரிகளுக்குப் பெயர் பெற்ற இளையராஜாவின் பாடல்களை செல்போன் ஸ்பீக்கரில் கேட்டாலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று நம்மால் பின்தொடர முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் பதிவை போனில் கேட்கப் போகிறவர்கள்தான் அதிகம் என்றால், கொஞ்சம் கரகரப்பு உங்களுக்கு உதவி.

மற்ற பெடல்கள்

டிலே பெடலில் பெரிய பிரச்னை இல்லை. மூல ஓசை அப்படியே போய்விடும், எதிரொலி மட்டும்தான் சேர்கிறது. அதிகம் வைத்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பும், அவ்வளவுதான். கோரஸ் சுருதியை லேசாக ஆட்டும் வேலை. அடிக்கம்பியில் அந்த ஆட்டம் சுருதி பிசகியது போல் கேட்கும். பாஸ் நிறுவனத்தின் பேஸ் கோரஸ் பெடலான சி.இ.பி.-3-இல் "லோ பில்டர்" என்றே ஒரு குமிழ் இருப்பது இதற்காகத்தான். தாழ்ந்த ஓசையை ஆட்டாமல் விட்டுவிடலாம். அதே நிறுவனம் 1994இல் கொண்டு வந்த ஓ.டி.பி.-3 பேஸ் ஓவர்டிரைவில் "பேலன்ஸ்" குமிழ் இருக்கிறது. சுத்தமான ஓசையும் கரகரப்பும் எவ்வளவு கலக்க வேண்டும் என்று அதில் திருகலாம். நாம் ஆடாசிட்டியில் இரண்டு டிராக்கைக் கலந்ததற்கு மிக நெருக்கமான வேலை இது. பேஸ் பெடல் என்று எழுதியிருப்பதற்காக நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வசதிக்குத்தான் என்பது என் கருத்து.

ஆக்டேவ் பெடல் வாசிக்கும் சுரத்தின் பாதி அதிர்வைச் சேர்க்கும். 41இல் பாதி சுமார் 20.6 ஹெர்ட்ஸ், மனிதக் காதின் எல்லை. அடிக்கம்பியில் அதைப் பயன்படுத்தி லாபமில்லை, மேல் கம்பிகளில் வாசியுங்கள்.

மேடைக்கு எப்படிக் கொண்டு போவது?

ஆடாசிட்டியில் செய்தது பதிவு செய்த பிறகு போட்ட எபெக்ட். வாசிக்க வாசிக்க எபெக்ட் கேட்க வேண்டும் என்றால் ரீப்பர் போன்ற சாப்ட்வேரும், இண்டர்பேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரும் தேவை. சொந்த டிரைவர் இல்லாத கருவிகளுக்கு ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் உண்டு. அதில் பஃபர் அளவு 256 என்று வைத்தால், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் உள்ளே வர சுமார் 6 மில்லி செகண்ட், வெளியே போக இன்னொரு 6. காற்றில் ஒலி இந்த நேரத்தில் சுமார் நான்கு மீட்டர் போகும். அதாவது ஆம்புக்கு நான்கு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போன்ற தாமதம், பழகிவிடும். 1024 வைத்தால் பழகாது.

ஆனாலும் கல்யாண மண்டபத்தில் லேப்டாப்பை நம்பி வாசிக்க நான் சொல்ல மாட்டேன். எங்கள் நண்பருக்கு வேறு வழி கிடைத்தது. சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் டி.ஐ. பாக்ஸ் என்ற ஒன்று இருக்கும். பேஸ் கிட்டாரை அதில் மாட்டினால் மிக்சருக்கு ஒரு வயர் போகும். அதே பெட்டியில் "லிங்க்" அல்லது "த்ரூ" என்று இன்னொரு துளை இருக்கும், அதில் அதே சிக்னல் கிடைக்கும். அதிலிருந்து அண்ணனின் ஓவர்டிரைவ் பெடலுக்கு ஒரு வயர், பெடலிலிருந்து மிக்சரின் இன்னொரு சேனலுக்கு ஒரு வயர். முதல் சேனல் சுத்தம், இரண்டாவது கரகரப்பு. இரண்டாவதில் "லோ" குமிழை முழுக்கக் குறைத்து, "லோ-கட்" பட்டன் இருந்தால் அழுத்திவிடச் சொன்னோம். அறையில் நாலு டிராக்கில் கேட்டதே மண்டபத்திலும் கேட்டது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. குழுத் தலைவர் ஒத்திகையில் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மூன்று தேதிகளை மட்டும் சொன்னார்.

இந்த முறையில் ஒரே ஒரு கண்ணி உண்டு. சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கி அனுப்பும். அப்படிப்பட்ட பெடலைச் சுத்தமான ஓசையோடு கலந்தால் பேஸ் கூடுவதற்குப் பதில் குறையும். மேடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு துளை உள்ள இண்டர்பேஸில், ஒன்றில் சுத்தமான பேஸும் மற்றொன்றில் பெடலிலிருந்து வருவதும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி ஸ்டீரியோவில் ரெக்கார்ட் செய்திடவும். டிராக் மெனுவில் "ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ" கொடுத்துப் பிரிக்கவும். இரண்டையும் சேர்த்து ஒருமுறை கேளுங்கள். பிறகு பெடல் டிராக்கில் மட்டும் "இன்வர்ட்" எபெக்ட் கொடுத்து மீண்டும் கேளுங்கள். இரண்டாவது முறை பேஸ் அதிகமானால் உங்கள் பெடல் தலைகீழாக்கும் ரகம். மிக்சரில் அந்தச் சேனலுக்கு வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட பட்டன் இருந்தால் அதை அழுத்தச் சொல்லுங்கள்.

ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். பிரிக்கும் இடத்தை 250க்குப் பதில் 200, 150 என்று இறக்கியும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புராஜெக்டை வேறு பெயரில் சேவ் செய்திடவும். பிடித்ததை மட்டும் வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் பெடலின் இன்புட் துளையிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். பெடல் ஆப் நிலையில் இருந்தாலும், அந்தத் துளையில் வயர் இருக்கும் வரை பல பெடல்கள் 9 வோல்ட் பேட்டரியைக் குடித்துக் கொண்டே இருக்கும்.